கார்பன் ஃபைபர் ஷூட்டிங் ஸ்டிக் என்று சொல்லி அலுமினியக் குழாயைத் தலையில் கட்டிவிட்டார்கள்

ஏர் ரைபிளுக்கு ஷூட்டிங் ஸ்டிக் (சுடும்போது துப்பாக்கி ஆடாமல் முட்டுக் கொடுக்கும் கவைக் கம்பு) வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எனக்கு 134 பவுண்டு போச்சு. அதைவிட, ஒரு முயலைக் குண்டடி பட்டு இழுத்துக்கொண்டு ஓட விட்டேனே, அதுதான் இன்னும் மனதைப் போட்டு அறுக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாலு பேர் சட்டம் தெரியுமா என்று ஆரம்பிப்பீர்கள். நான் இருப்பது இங்கிலாந்தில், நார்ஃபோக் பக்கம். இங்கே குண்டு கிளம்பும் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்கு மேல் போகாத ஏர் ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் (ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் இதற்கும் சான்றிதழ் வேண்டும்). வாங்குகிறவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், சுடும் நிலத்துக்குச் சொந்தக்காரர் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். முயல் இங்கே பயிரைத் தின்று தீர்க்கும் ஜென்மம், அதைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் பொறுப்பு என்று 1954-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில், இந்தியாவில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுப்பக்கம் கிளம்பிவிடாதீர்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி அங்கே முயலைத் தொட்டாலும் வழக்குதான். 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கும் இந்த ஸ்டிக் உதவாது, அங்கே முட்டு எதுவும் இல்லாமல் நின்று கையில் பிடித்துத்தான் சுட வேண்டும்.

சரி, கதைக்கு வருவோம். எனக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரர் சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டும் பார்லியும் போடுகிறார். வேலி ஓரத்து வளைகளிலிருந்து சாயங்காலமானால் முயல்கள் இறங்கிவிடும், ஓரத்திலிருந்து ஏழெட்டு அடிக்குப் பயிரே இருக்காது. எழுதிக் கொடுத்த அனுமதியோடு மூன்று வருடமாக அங்கே போகிறேன். குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை, தரையில் குப்புறப் படுத்துச் சுடலாம். மே மாதம் வந்துவிட்டால் புல் முழங்கால் உயரம் வளர்ந்துவிடும், படுத்தால் ஸ்கோப் முழுக்கப் பச்சைதான் தெரியும். உட்கார வேண்டும் இல்லாவிட்டால் நிற்க வேண்டும். நின்று சுட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பில் குறுக்குக்கோடு முயலின் காதிலிருந்து முதுகுக்கும் முதுகிலிருந்து காதுக்கும் ஊஞ்சல் ஆடும், மூச்சு விட்டாலும் ஆடும், மூச்சைப் பிடித்தாலும் நெஞ்சு அடிக்கிற அடியில் ஆடும். முயலுக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் குறி வைக்க வேண்டிய இடம் ஓர் அங்குலம்தான், இங்கே புழங்கும் 2 பவுண்டு நாணயத்தின் அகலம். தூரம் என்னவாக இருந்தாலும், பத்துக்குப் பத்து பெல்லட் (ஏர் ரைபிளின் சின்னக் குண்டு) அந்த நாணயத்துக்குள் விழவில்லை என்றால் அந்தத் தூரத்தில் உயிர் உள்ளதைச் சுடக்கூடாது. நான் வைத்திருக்கும் கணக்கு இது, வளைந்து கொடுக்கிற பேச்சே இல்லை.

அதுவரை என்னிடம் இருந்தது தோட்டக் கடையில் வாங்கிய இரண்டு மூங்கில் குச்சி. சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி உச்சியில் மாட்டி, குறுக்காக விரித்தால் ஒரு கவை கிடைக்கும். தேனிப் பக்கம் வாழைத் தாருக்கு இரண்டு கம்பைக் கட்டி முட்டுக் கொடுப்போமே, அச்சு அசல் அதேதான். மேலும் கீழும் ஆடுவதை நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டு ஆட்டம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதைப் போக்கத்தான் நாலுகால் ஸ்டிக்குக்கு ஆசைப்பட்டேன். அதில் முன்னால் ஒரு கவை, பின்னால் ஒரு கவை, துப்பாக்கி இரண்டு இடத்தில் உட்காரும். நல்லதாக ஒன்று அமைந்தால் கையை எடுத்துவிட்டாலும் துப்பாக்கி அப்படியே நிற்கும், நண்பர் ஒருவருடையதில் சுட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தளத்தில் பார்த்தேன். அசல் கார்பன் ஃபைபர், உயரம் 185 செ.மீ., எடை 1.1 கிலோ, பிரிட்டனில் கையால் செய்தது, ஐந்து வருட உத்தரவாதம், விலை 149 பவுண்டு. அக்யூரசி என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது, கண்ணில் பட்டது, சிரித்துவிட்டுக் கடந்துவிட்டேன். அதன் கீழேயே இந்த ஸ்டிக் இருந்தால் ஏர் ரைபிளில் 60 கெஜம் வரை முயலை வீழ்த்தலாம் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியிலேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும். ஸ்டிக் நம்முடைய ஆட்டத்தைத்தான் குறைக்கும். 12 அடி-பவுண்டு துப்பாக்கியிலிருந்து பாயிண்ட் 22 அளவு பெல்லட் கிளம்புவதே நொடிக்கு 570 அடி வேகத்தில்தான், 30 கெஜம் தாண்டினால் மளமளவென்று கீழே இறங்க ஆரம்பிக்கும், லேசான பக்கக் காற்று அதை அங்குலக் கணக்கில் தள்ளும். துப்பாக்கிக்கு அடியில் எத்தனை கம்பு ஊன்றினால் என்ன, காற்று நிற்கப் போகிறதா? இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன்.

அடுத்த முட்டாள்தனம் இன்னும் பெரிது. கார்டுக்குப் பதிலாக வங்கி வழியாக நேரடியாகப் பணம் அனுப்பினால் 10 சதவீதம் தள்ளுபடி என்றார்கள். பதினைந்து பவுண்டு மிச்சம் என்று வாயைப் பிளந்துகொண்டு அனுப்பினேன். அனுப்பும்போது வங்கி ஆப் எச்சரித்தது, கணக்கின் பெயரும் நான் கொடுத்த பெயரும் பொருந்தவில்லை என்று. கடைப் பெயரில் கணக்கு இல்லை, யாரோ தனி ஆளின் பெயரில் இருந்தது. சின்னக் கடைக்காரர், சொந்தக் கணக்கில் வாங்குகிறார் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பட்டனை அழுத்தினேன்.

மூன்று வாரம் கழித்து வந்தது. பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்தவுடனே மனசு சொல்லிவிட்டது. பெட்டி தூக்கும் தராசில் மாட்டினால் 1.9 கிலோ. முழுக்க நீட்டி டேப் பிடித்தால் 158 செ.மீ. நான் ஐந்தடி எட்டங்குலம், நின்று சுட வேண்டுமானால் முதுகைக் கூனிக்கொள்ள வேண்டும். அடிக் குழாயில் பேனாக்கத்தியால் லேசாகச் சுரண்டினேன், கறுப்புத் தோல் பாலித்தீன் மாதிரி நகத்தோடு உரிந்து வந்தது, உள்ளே பளபளவென்று அலுமினியம். கார்பன் பின்னல் போலத் தெரிந்தது வெறும் அச்சடித்த ஸ்டிக்கர். கவை இரண்டும் பிளாஸ்டிக். கால்கள் சேரும் திருகில் ஒரு மில்லிமீட்டர் லூஸ் இருந்தது. அதிலென்ன என்று தோன்றும், அந்த ஒரு மில்லி ஸ்கோப்பில் பார்க்கும்போது குறுக்குக்கோட்டை எட்டுப் போட வைக்கும்.

அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இங்கே இணையத்தில் கடைக்காரரிடம் வாங்கினால் பொருள் வந்த 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். நான் செய்தது என்ன? கடைக்கு மெயில் ஒன்று போட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா கிடப்பானேன், ஒரு தடவை எடுத்துப்போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். காகிதத்தில் 25 கெஜத்தில் பத்து சுட்டேன், ஏதோ நாணயத்துக்குள் விழுந்தது. அந்தத் தைரியத்தில் வயலுக்கே எடுத்துப் போனேன்.

மணி எட்டு இருக்கும், வெளிச்சம் நன்றாகவே இருந்தது. 25 கெஜத்துக்குள் ஒரு முயல், வலப்பக்கம் பார்த்து உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது. ஸ்டிக்கை விரித்து, துப்பாக்கியை வைத்து, ட்ரிகரின் முதல் அழுத்தம் வரை வந்துவிட்டேன். சரியாக அந்த நொடியில் ஸ்டிக்கின் முன் இடது காலை நீட்டிப் பிடிக்கும் பூட்டு டிக் என்று விட்டுக்கொடுத்தது. குழல் இடப்பக்கமாகக் கீழே சரிய, விரல் அழுத்தி முடித்துவிட்டது. தலையில் விழ வேண்டியது பின்தொடையில் விழுந்தது. முயல் கத்தும் என்பது பலருக்குத் தெரியாது, குழந்தை வீறிடுகிற மாதிரி இருக்கும். பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வேலியைப் பார்த்துப் போனது. ஸ்டிக்கை உதறிவிட்டு, மண்டி போட்டு, வளைக்கு இரண்டடி தூரத்தில் வைத்து இரண்டாவது சுட்டு முடித்தேன். மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. வளைக்குள் போயிருந்தால் உள்ளேயே கிடந்து எத்தனை மணி நேரம் இழுத்திருக்குமோ. தெரிந்தே ஓட்டைப் பொருளை வயலுக்குக் கொண்டு போனவன் நான், இந்த இடத்தில் கடைக்காரனை மட்டும் திட்டி நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

மறுநாள் பதில் வந்தது. ஸ்பிரிங் துப்பாக்கியின் உதைப்பில் பூட்டு கெட்டிருக்கிறது, அதற்கு உத்தரவாதம் பொருந்தாது என்று. என்னுடையது காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பிசிபி, உதைப்பு என்று சொல்ல ஒன்றுமே கிடையாது, முதல் மெயிலில் படமே அனுப்பியிருந்தேன். (ஸ்பிரிங் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, எந்த ஸ்டிக்காக இருந்தாலும் கட்டையை நேராகக் கவையில் வைக்காதீர்கள், உள்ளங்கையை நடுவில் கொடுத்து அதன்மேல் துப்பாக்கி தளர்வாகக் கிடக்கட்டும். இறுக்கிப் பிடித்தாலோ கெட்டியான இடத்தில் வைத்தாலோ அது துள்ளும் விதம் மாறி, பெல்லட் விழும் இடமும் மாறிவிடும்.) சரி, ஸ்டிக்கர் ஒட்டியது எந்த உதைப்பு என்று கேட்டேன். பொருளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 20 சதவீதம் தருகிறோம் என்றார்கள். மறுத்ததும் 30 ஆனது. முழுப் பணமும் வேண்டும் என்றதும், உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள் என்று சீனாவில் ஒரு கிடங்கு முகவரி வந்தது. பிரிட்டனில் கையால் செய்தது! தவறான பொருளென்றால் திருப்பும் செலவு விற்றவருடையது என்று சட்டத்தை எடுத்து எழுதினேன். அதோடு மூச்சு பேச்சில்லை.

அப்புறம்தான் தோண்டிப் பார்த்தேன். தளத்தில் கம்பெனிப் பதிவு எண் கிடையாது, முகவரி கிடையாது. இங்கே லிமிடெட் கம்பெனி என்றால் இரண்டையும் தளத்தில் காட்டியாக வேண்டும், கம்பெனிஸ் ஹவுஸ் என்ற அரசுப் பதிவகத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடிக்கொள்ளலாம், இரண்டு நிமிட வேலை. டாட் கோ டாட் யுகே என்று முடிந்தால் உள்ளூர்க் கடை என்று நினைத்திருந்தேன், அந்தப் பெயரை உலகத்தில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். படத்தை எடுத்துத் தேடினால் அதே ஸ்டிக் ஒரு மொத்த வியாபாரத் தளத்தில் 30 பவுண்டுக்குத் தொங்குகிறது, அங்கே நேர்மையாக அலுமினியம் என்றே போட்டிருக்கிறார்கள்.

வங்கிக்குப் போன் போட்டேன். 2024 அக்டோபர் 7 முதல் இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் பொருள் உங்கள் கைக்கு வந்திருக்கிறது, தரம் சரியில்லை என்பது உங்களுக்கும் விற்றவருக்குமான தகராறு, அதற்கு அந்த விதி பொருந்தாது என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். அப்படியே பொருந்தினாலும் 100 பவுண்டு வரை பிடித்துக்கொள்ள வங்கிக்கு உரிமை உண்டாம். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கதையே வேறு, 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்கு 1974 கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி கார்டு கம்பெனியும் சேர்ந்தே பொறுப்பு. அந்த 10 சதவீதத் தள்ளுபடி எதற்கு என்று இப்போது புரிகிறதா? இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பில் புகார் கொடுத்திருக்கிறேன், அவர்கள் அதை வியாபார மோசடிகளை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பணம் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இனி வாங்கினால் கடைக்கு நேரில் போய், என் துப்பாக்கியை வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துப் பத்து நிமிஷம் நின்று பார்த்துத்தான் வாங்குவேன். ஸ்கோப்போடு சேர்த்து நாலு கிலோ ஏறினால் எந்தப் பூட்டு நழுவும் என்பது அதற்குள் தெரிந்துவிடும். கால் நுனியையும் பாருங்கள், எனக்கு வந்ததில் வழுவழு ரப்பர், இந்த ஊர்ச் சிக்கிமுக்கிக் கல் பாதையில் சோப்பு மாதிரி வழுக்கியது, இரும்பு முனை இருந்தால் நல்லது.

பண்ணைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். கிழவர் கறுப்புத் தோல் உரிந்த குழாயைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தக்காளிச் செடிக்கு ஆகும், கொடுத்துவிட்டுப் போ என்றார். இப்போது அவர் தோட்டத்தில் நிற்கிறது. நான் மறுபடியும் மூங்கிலும் சைக்கிள் டியூப்புமாகப் போய்வருகிறேன், 20 கெஜம் தாண்டினால் சுடுவதில்லை.

போன வாரம் அதே படம் வேறொரு கடைப் பெயரில் கண்ணில் பட்டது. விலை 119 ஆகியிருக்கிறது. 185 செ.மீ. அப்படியே இருக்கிறது, 60 கெஜம் இருக்கிறது, வங்கி வழியாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடியும் இருக்கிறது, அக்யூரசியில் அந்த ஓர் எழுத்தை இன்னும் சேர்க்கவில்லை.