"ஃபுல் டெஸ்டட்" என்று விற்கப்படும் பழைய ஸ்டீயரிங் வீல்கள்: பிஎஸ்2-க்கு வாங்கும் முன் ஒரு எச்சரிக்கை

பிளேஸ்டேஷன் 2-வில் கிரான் டூரிஸ்மோ 4 (ஜிடி4) ஓட்டுவதற்காக செகண்ட் ஹேண்ட் ஸ்டீயரிங் வீல் தேடுகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். "ஃபுல் டெஸ்டட், பிஎஸ்2-வில் சூப்பரா ஓடும்" என்று விளம்பரம் போட்டிருந்த ஒருவரிடம் வாங்கிய லாஜிடெக் ஜி25 வந்து சேர்ந்த லட்சணம் இது: 24 வோல்ட் அடாப்டருக்குப் பதிலாக ஏதோ ரௌட்டருக்கான 12 வோல்ட் அடாப்டர், மோட்டார் தண்டில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் சக்கரத்தில் விரிசல், காலே வைக்காதபோதும் தானாக அடிக்கும் பிரேக். கேட்டால், "உங்க கேம் டிஸ்க்தான் சரியில்லை" என்றார். அதற்குப் பிறகு பதிலே இல்லை. மூன்று பழுதும் ஒரு சின்ன வீடியோவில் தெரிந்துவிடக்கூடியவை. அந்த வீடியோவைத்தான் இப்படிப்பட்டவர்கள் எடுத்து அனுப்புவதில்லை.

முதலில் அடாப்டர். லாஜிடெக் வீல்களான டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோ, டிரைவிங் ஃபோர்ஸ் ஜிடி, ஜி25, ஜி27 எல்லாவற்றுக்கும் 24 வோல்ட் டிசி வேண்டும். அந்த மின்சாரம் முக்கியமாக, வீலைக் கைக்கு எதிராக இழுக்கும் மோட்டாருக்கு. யூஎஸ்பி மட்டும் செருகியிருந்தாலும் பொத்தான்கள் வேலை செய்யலாம், மோட்டார் மட்டும் செத்துக் கிடக்கும். ஆகவே மெனுவில் பொத்தானை அமுக்கிக் காட்டும் வீடியோவை நம்பவே நம்பாதீர்கள். பவர் கொடுத்துக் கேபிளைச் செருகியதும் வீல் தானாக ஒரு பக்கம் கடைசிவரை சுற்றி, மறுபக்கம் போய், நடுவில் வந்து நிற்க வேண்டும். பார்க்க வேண்டியது அதைத்தான். அடாப்டர் தொலைந்திருந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வோல்ட், ஆம்பியர், ப்ளஸ் மைனஸ் மூன்றும் வீலின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒத்துப்போக வேண்டும். அடாப்டரின் முனை துளைக்குள் போய்விட்டது என்பதற்காக எதையாவது செருகிவிடாதீர்கள்.

அடுத்து அந்தப் பிளாஸ்டிக் சக்கரம். ஜி25, ஜி27 இரண்டிலும் வயதானால் இது விரிசல் விடுவது ரொம்பவே சகஜம், விற்கிறவர்களுக்கும் இது தெரியும். உள்ளே இருக்கும் இரண்டு மோட்டார்களில் ஒன்றின் தண்டில் காசைவிடச் சிறிய ஒரு சக்கரம் இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும். விளிம்பைச் சுற்றி வேண்டுமென்றே வெட்டிய மெல்லிய பிளவுகள். அவை சென்சாருக்கு நடுவே ஓடும்போது வெளிச்சம் விட்டு விட்டு விழும். அதை எண்ணித்தான் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியது என்று போர்டு கணக்குப் போடுகிறது. தொடக்கத்தில் இரண்டு ஓரமும் சுற்றிப் பார்ப்பது நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கத்தான். சக்கரத்தில் விரிசல் விழுந்தால் தண்டின் பிடி தளரும், தண்டு சுற்றும்போது சக்கரம் வழுக்கும், கணக்கு தப்பும். ஆரம்பத்தில் எல்லாம் சரியாக இருக்கும். மோட்டார் பலமாக இழுக்கும் வளைவுகளில் நாலைந்து முறை போய் வந்தால், ஸ்டீயரிங்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் கார் நேராகப் போகும்.

சோதிப்பது எளிது. வீலின் உச்சியில் ஒரு டேப் துண்டை ஒட்டுங்கள். இந்த வீல்கள் மொத்தம் 900 டிகிரி, அதாவது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் சுற்று. ரேஸில் காரைச் சுவரில் மோதவிட்டு, வீலை வேகமாக இரு பக்கமும் திருப்பிவிட்டு, டேப்பை மேலே கொண்டுவாருங்கள். கார் நேராகப் போகாவிட்டால் வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் வீலைத் திறந்து, தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை விரல் நுனியால் திருப்பிப் பாருங்கள். தனியாகச் சுற்றினால் பழுது அதுதான். இதற்கென்றே உலோகச் சக்கரம் கிடைக்கிறது, அதை மாற்றுவதே நிரந்தரத் தீர்வு. சூப்பர் க்ளூ தற்காலிகம்தான். ஊசி முனையில் எடுத்துத் தண்டு சேரும் இடத்தில் மட்டும் வையுங்கள். பிளவுகளில் வழிந்தால் இருக்கிற கணக்கும் போய்விடும்.

பெடல் துடிப்பதற்குப் பெரும்பாலும், எவ்வளவு மிதித்தோம் என்று அளக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் சேர்ந்த தூசிதான் காரணம். விண்டோஸ் கணினியில் செருகி, கேம் கன்ட்ரோலர் திரையில் பெடலை மெதுவாக மிதியுங்கள். கோடு குதிக்காமல் ஏற வேண்டும். குதித்தால் கான்டாக்ட் க்ளீனர் அடித்து, சில டஜன் தடவை மிதித்துவிட்டு, காயவிடுங்கள். சாதாரண டபிள்யூடி-40 வேண்டாம், எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். க்ளீன் செய்தும் குதித்தால் ஜி25, ஜி27 பெடல்களுக்கு 10 கிலோ ஓம் லீனியர் வகைப் பொட்டென்ஷியோமீட்டர் வாங்கி மாற்றலாம்.

இனி பொய் விளம்பரங்கள். "எல்லா பிளேஸ்டேஷனிலும் ஓடும்" என்று ஜி29-ஐ விற்கிறார்கள். 2015-இல் வந்த அந்த வீலை பிஎஸ்2-வில் நேரடியாகச் செருகினால் ஒன்றும் நடக்காது. கையில் ஜி29 இருந்தால் பிஎஸ்2 கேம்களைக் கணினியில் ஓட்டும் பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரில் டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோவாக அமைத்து ஆடலாம். கிளட்ச், கியர் ஷிஃப்டர் இருக்கிறதென்று ஜி25-க்குக் கூடுதல் விலை கேட்பார்கள். ஜிடி4 அதை டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோவாகத்தான் பார்க்கிறது, கிளட்ச் வேலை செய்யாது. பிஎஸ்2-க்கு மட்டும் என்றால் டிரைவிங் ஃபோர்ஸ் ப்ரோவே போதும், அதிகம் கொடுக்காதீர்கள். 2001-இல் வந்த ஜிடி3-இல் 900 டிகிரி வீலும் சுமார் 200 டிகிரிக்குள்தான் வேலை செய்யும். அது பழுதல்ல.

பிஎஸ்1 டிஸ்க்கைப் பிஎஸ்2-வில் போட்டால் யூஎஸ்பி வீல் எதுவும் வேலை செய்யாது. அந்தக் கேம்களுக்குக் கன்ட்ரோலர் போர்ட்டில் செருகும் வீல்தான் வேண்டும், அதிலும் நாம்கோவின் நெக்கான் முறையில் (எவ்வளவு திருப்பினோம் என்பதையும் கேமுக்குச் சொல்லும் முறை) இயங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். ரிட்ஜ் ரேசரும் 1997-இல் வந்த முதல் கிரான் டூரிஸ்மோவும் அதை ஏற்கும். "3 இன் 1" என்று வரும் மலிவு வீல்கள் பலவற்றில் ஸ்டீயரிங் வெறும் இடது, வலது அம்புப் பொத்தானாகத்தான் வேலை செய்கிறது. மிக மெதுவாகத் திருப்பினாலும் டயர் சட்டென்று முழுதாகத் திரும்பினால் அந்த ரகம். அவற்றில் "ஃபோர்ஸ் ஃபீட்பேக்" என்று எழுதியிருப்பது பெரும்பாலும் வெறும் அதிர்வு மோட்டார், கையை எதிர்த்து இழுக்காது.

விற்கிறவரிடம் கேட்க வேண்டிய வீடியோ: அடாப்டர் லேபிளைக் காட்டி, செருகி, வீல் தானாகச் சுற்றி நின்று, ஜிடி4-இல் ஒரு லேப் ஓடி முடியும்வரை வெட்டாமல் எடுத்தது. பெடல், ஷிஃப்டர் இரண்டின் 9 பின் கனெக்டரையும் அருகில் காட்டச் சொல்லுங்கள், பின் ஏதாவது வளைந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். பார்சல் வந்தால் பிரிப்பதிலிருந்தே வீடியோ எடுத்து, சோதனை முடியும்வரை வீலைத் திறக்காதீர்கள். ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டால் "நீங்கதான் உடைச்சீங்க" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள்.