ஸ்கிரீவனர்: தமிழில் நாவல் எழுதுபவருக்கு எவ்வளவு தூரம் உதவும்?

தானே எழுதி, தானே திருத்தி, தானே மின்னூலாக்கி வெளியிடும் எழுத்தாளருக்கு ஸ்கிரீவனர் என்ற நூல் எழுதும் மென்பொருள் தேவையா? நாவலோ பெரிய கட்டுரை நூலோ கையில் இருந்தால் தேவை. சிறுகதைக்கும் கவிதைக்கும் வேர்டு, லிப்ரே ஆபிஸ் போதும். அவற்றுக்காக ஸ்கிரீவனரை வாங்குவது வீண்செலவு.

ஸ்கிரீவனரின் பலம் இடப்பக்கப் பட்டியலில் இருக்கிறது. பைண்டர் என்பார்கள். ஒவ்வொரு காட்சியும் அங்கே தனி ஆவணம். பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வரும் சண்டையை மூன்றாவதுக்குக் கொண்டுபோக வேண்டுமா, இழுத்துப் போட்டால் முடிந்தது. ஏற்கெனவே வேர்டில் எழுதிய நீண்ட பிரதி இருந்தால் அப்படியே இறக்கிவிட்டு, காட்சி மாறும் இடத்தில் கர்சரை வைத்து கன்ட்ரோல்+கே (மேக்கில் கமாண்ட்+கே) அழுத்துங்கள். அந்த இடத்தில் இரண்டாகப் பிரியும். ஆனால் பழைய பாமினி, டாப் எழுத்துருக்களில் தட்டியதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் எழுத்துரு மாறிய கணமே பக்கம் முழுக்கக் குப்பையாகிவிடும்.

திருத்தி எழுதுபவருக்கு ஸ்னாப்ஷாட் ஒன்றே காசுக்குப் போதுமான வசதி. காட்சியில் கை வைக்கும் முன் கன்ட்ரோல்+5 அழுத்தினால் பழைய வடிவம் தேதியோடு நிற்கும். பிறகு புதியதோடு ஒப்பிடலாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம். இது அந்த ஒரு ஆவணத்துக்கு மட்டும்தான், முழு நாவலுக்குமான காப்பு அல்ல. அதைப் பலர் கவனிப்பதில்லை.

இலக்குப் பெட்டியில் மொத்தச் சொல் எண்ணிக்கையையும் கெடு தேதியையும் கொடுத்தால் தினசரிக் கணக்கை அதுவே போட்டுத் தரும். அங்கே ஆங்கில எழுத்துக் கையேடுகள் சொல்லும் எண்ணை அப்படியே இடாதீர்கள். 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அது நாலைந்து சொற்களாகும். புதியவருக்கு நாளுக்கு 300 தமிழ்ச் சொல் கௌரவமான இலக்கு.

எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் கம்பைல், அதாவது சிதறிய ஆவணங்களை ஒரே நூலாகத் தொகுத்து ஏற்றுமதி செய்வது. டிராஃப்ட் கோப்புறைக்குள் இருப்பதுதான் நூலாகும். ஆராய்ச்சிக் கோப்புறையில் வைத்த முன்னுரை தானாக வராது. அடுத்து, ஆவணங்களுக்கு அத்தியாயம், காட்சி என்று வகை கொடுத்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு தோற்றத்தை ஒதுக்க வேண்டும். இதைத் தாண்டிவிட்டு ஏற்றுமதி செய்தால் தலைப்பே இல்லாமல் நூல் வரும், அல்லது ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தலைப்பு முளைக்கும். தமிழருக்கு இன்னும் இரண்டு வேலை. ஆயத்த வடிவங்களின் எழுத்துருவில் தமிழ் இல்லாவிட்டால் கணினி ஏதோ ஒன்றைப் பதிலாகப் போடும், வரி இடைவெளி கோணலாகும். எனவே கம்பைல் சாளரத்திலேயே தமிழ் எழுத்துரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தலைப்பில் 'சாப்டர் ஒன்' என்று ஆங்கிலத்தில் வந்தால், வடிவத்தை நகலெடுத்து, முன்னொட்டை 'அத்தியாயம்' என்று மாற்றி, எண்ணைச் சொல்லாகத் தரும் குறியீட்டுக்குப் பதில் இலக்கமாகத் தருவதைப் போடுங்கள். முதல் தடவை ஒரு மாலைப்பொழுது போகும். அந்த வடிவத்தைச் சேமித்துவிட்டால் அடுத்த நூலுக்குச் சில நிமிடம்தான்.

கோப்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. மேக்கில் ஒரு கோப்புபோலத் தெரிந்தாலும் ஸ்கிரீவனர் திட்டம் உள்ளே பல சிறு கோப்புகளின் மூட்டை. மேகச் சேமிப்பு ஒத்திசைத்து முடிப்பதற்குள் இன்னொரு கணினியில் திறந்தால் சில காட்சிகள் காணாமல் போகலாம். வேலை செய்யும் பிரதி வன்தட்டில் இருக்கட்டும். தானியங்கிக் காப்புகளை ஸிப்பாக மேகத்துக்கு அனுப்ப அமைப்புகளில் வழி உண்டு.

குறைகளும் உண்டு. ஆண்ட்ராய்டுக்கு ஸ்கிரீவனர் இல்லை. இருவர் ஒரே நேரத்தில் திருத்த முடியாது. பிழை திருத்துபவருக்கு வேர்டு கோப்பாகத்தான் அனுப்ப வேண்டும். விண்டோஸ், மேக், ஐபோன் என ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம். காட்சிக் குறிப்பு அட்டைகளின் நிறம், லேபிள், குறிச்சொல் போன்றவை புதியவரின் நேரத்தைத் தின்னும். முதல் வரைவு முடியும்வரை அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

மாதச் சந்தா கிடையாது, ஒரே தடவைக் கட்டணம். இலவசச் சோதனை 30 நாள். திறக்கும் நாள் மட்டுமே கணக்கு. வாரத்துக்கு இரண்டு நாள் திறந்தால் 15 வாரம் ஓடும். அதற்குள் ஒரு குறுநாவலைக் கம்பைல் வரை கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.