பிளாஸ்டிக் ஒழிப்பு: மூன்று கூட்டணிகள், ஒரு கேள்வி

பிளாஸ்டிக்கை ஒழிக்க உலக அளவில் கூட்டணிகளுக்குப் பஞ்சமில்லை. எது உருப்படியானது என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: இஷ்டமில்லாத வேலையை இது யாரைச் செய்ய வைக்கிறது?

அபாயமான கழிவை நாடு விட்டு நாடு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம் பழையது, பார்க்கச் சலிப்பூட்டுவது. ஆனால் என் ஓட்டு அதற்குத்தான். 2013-14இல் கனடாவிலிருந்து 103 கன்டெய்னர்கள் பிலிப்பைன்ஸுக்கு வந்தன. காகிதத்தில் மறுசுழற்சிக்கான பிளாஸ்டிக். திறந்தால் வீட்டுக் குப்பை, பயன்படுத்திய டயப்பர். பிலிப்பைன்ஸின் அன்றைய அதிபர் டுடெர்டே போர் என்றே மிரட்டி, தூதரையும் திரும்ப அழைத்த பிறகுதான், மிச்சமிருந்த 69 கன்டெய்னர்கள் 2019 மே 31 அன்று கப்பலேறின. அதே மாதம் ஜெனீவாவில் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2021 ஜனவரி 1 முதல், அழுக்கும் கலப்புமான பிளாஸ்டிக் கழிவை அனுப்ப, வாங்கும் நாட்டின் சம்மதத்தை முன்கூட்டியே பெற வேண்டும். ஓட்டைகளும் உண்டு. அமெரிக்கா இதில் உறுப்பினரே இல்லை. ‘சுத்தமான, ஒரே வகைப் பிளாஸ்டிக், மறுசுழற்சிக்கு’ என்று எழுதிவிட்டால் சம்மதமும் வேண்டாம். ஆக, பழைய லேபிள் தந்திரத்துக்கு இன்னும் இடம் இருக்கிறது.

அடுத்தது, ‘பிளாஸ்டிக் கழிவை ஒழிக்கும் கூட்டணி’. எக்ஸான்மொபில், டவ், ஷெல் போன்ற எண்ணெய், பிளாஸ்டிக் தயாரிப்பு நிறுவனங்கள் 2019 ஜனவரியில் தொடங்கியது. ஐந்து ஆண்டுகளில் 150 கோடி டாலர் செலவிடுவோம் என்றார்கள். கங்கையைச் சுத்தம் செய்ய அது ஆதரித்த வாரணாசித் திட்டம் இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் கூட்டணி அகற்றியது சுமார் 1,18,500 டன். அதன் ஐந்து உறுப்பு நிறுவனங்கள் அதே காலத்தில் தயாரித்தது 13.2 கோடி டன் என்று 2024இல் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குக் காட்டியது. குழாயைத் திறந்து விட்டவரே துடைப்பமும் வாங்கிக் கொடுக்கிறார். இஷ்டமில்லாத எதையும் இங்கே யாரும் செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது, இன்னும் பேச்சுவார்த்தையிலேயே இருக்கும் ஐ.நா. பிளாஸ்டிக் ஒப்பந்தம். இதுதான் உற்பத்தியில் கைவைக்கக்கூடியது. இப்படி ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் தீர்மானம் போட்டார்கள். நூறுக்கு மேற்பட்ட நாடுகள் உற்பத்திக்கு வரம்பு கேட்டன. சவூதி, ரஷ்யா போன்ற எண்ணெய் நாடுகள் மறுத்தன. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்று நடந்தால் எங்கே நகரும்? 2024இல் தென்கொரியாவின் பூசானிலும் தேறவில்லை, 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் தேறவில்லை. யோசனையில் முதலிடம், கையில் ஒன்றுமில்லை.

சரி, பாசல் போதுமா? 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து, பிளாஸ்டிக் பொருள்கள் செய்ய மூலப்பொருளான சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. பயறு அளவுதான் ஒவ்வொன்றும். அவை கழிவல்ல, விற்பனைச் சரக்கு. அதனால் பாசலுக்குள் வராது. கப்பலில் அவற்றை எப்படிக் கட்டி ஏற்ற வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2024இல் சொன்னதும் பரிந்துரைதான், கட்டாயமில்லை. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கவிழ்ந்தது. அதே மாதிரி மணிகள் கன்னியாகுமரி மாவட்டக் கரை வரை ஒதுங்கின. மணலிலிருந்து சலித்துச் சலித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.