நுவரெலியா தபாற்கந்தோர்: ஒரு மதிப்பீடு

இலங்கையின் மலையக நகரான நுவரெலியாவில் விக்டோரியா பூங்காவுக்கு அண்மையில் நிற்கும் செங்கல் தபாற்கந்தோரைப் பெரும்பாலான பயணிகள் வீதியில் நின்று படமெடுத்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். 1894இல் கட்டப்பட்ட அக்கட்டடத்தின் சரிந்த கூரையும் கூம்பு முடியுடைய மணிக்கூட்டுக் கோபுரமும் படத்துக்கு நன்றாகவே அமைகின்றன. ஆயினும் அதன் தகுதியைக் கருமபீடத்துக்கு முன்னால் வரிசையில் நின்றே மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

முத்திரை வாங்குவோர், பதிவுத் தபால் அனுப்புவோர், விவசாயிகள் ஓய்வூதியம் பெறும் முதியவர்கள், பொலிஸார் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட வரும் சாரதிகள் என அனைவருக்கும் உரிய இடம் அது. தோட்டத் தொழிலாளர் வாழும் லயன் வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாமையால் தோட்டக் கந்தோர் வழியாகவே கடிதம் பெற்றுப் பழகிய குடும்பங்கள் மலையகத்தில் ஏராளம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்து கைக்குக் கிடைத்த கதையைக் கேட்காத தோட்டம் அரிது. இடையில் எவர் கையும் படாமல் தம் கடிதத்தைத் தாமே ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெறுவது அத்தகையோருக்குச் சிறிய விடயமன்று. துரைமார் காலத்துக் கட்டடங்கள் இந்நகரில் வேறும் உள்ளன. ஆனால் இங்கே நுழைவதற்கு உறுப்புரிமையும் வேண்டியதில்லை, கழுத்துப்பட்டியும் வேண்டியதில்லை.

இதனை ஹோட்டல் திட்டமொன்றுக்கு வழங்கும் யோசனையை எதிர்த்து 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கட்டடத்தை இடிக்கப் போவதில்லையே, பிறகென்ன என்று கேட்போருக்கு அமெரிக்க நகரங்கள் இரண்டு விதமாக விடை சொல்கின்றன. 1899இல் நிறைவுற்ற வாஷிங்டனின் பழைய தபாற்கந்தோரை 1970களின் தொடக்கத்தில் இடிக்க முனைந்தபோது நகரவாசிகள் திரண்டு தடுத்தார்கள்; 1973இல் அது தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் சேர்ந்தது; 2016இல் ஹோட்டலாயிற்று. ஆனால் நகரத் தபால் சேவை 1914இலேயே அங்கிருந்து வேறிடம் சென்றுவிட்டதால், அந்த ஹோட்டல் எவருடைய கருமபீடத்தையும் பறிக்கவில்லை. கோபுரத்தில் ஏறிப் பார்க்கும் வசதியும் பொதுமக்களுக்கு விடப்பட்டது. நுவரெலியாவின் நிலை அப்படியன்று.

நியூயோர்க்கின் ஃபார்லி தபாற்கந்தோர் இதைவிடப் பொருத்தமான உதாரணம். அதற்கு எதிரே இருந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியதனால் எழுந்த சினமே, 1965இல் அந்நகரம் வரலாற்றுச் சின்னங்களுக்கெனச் சட்டம் இயற்றுவதற்கு ஒரு பெரும் காரணமாயிற்று. 1914இல் திறக்கப்பட்ட ஃபார்லி கட்டடத்தின் ஒரு பகுதி 2021இல் ரயில் மண்டபமாக மாறியபோதும், எட்டாம் அவெனியூ பக்கத்தில் தபால் கருமபீடம் தொடர்ந்து இயங்குகிறது. சுவரைக் காப்பதிலும் பயன்பாட்டைக் காப்பது கடினம் என்றாலும், மனம் வைத்தால் அதுவும் இயலும் என்பதற்கு அதுவே சான்று. இங்கும் கட்டடத்துக்குப் புதுப்பணம் தேவையென்றால், கீழ்த்தளக் கருமபீடத்தில் கை வைக்காத திட்டத்தையே ஏற்க வேண்டும்.

செல்ல விரும்புவோருக்கு ஒரு குறிப்பு: ஏப்ரல் வசந்த காலத்தில் நகரமே நெரிசலாக இருக்குமாதலால் வேறு மாதத்தில், வார நாள் முற்பகலில் செல்வது நல்லது. ஒரு தபாலட்டையாவது எழுதி அங்கேயே அனுப்புங்கள். கருமம் முடிக்க வந்தவர்களுக்கு வழிவிட்ட பின் படமெடுங்கள்.