உதைக்காத காலைச் சொல்லித்தந்த வகுப்பு

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். வயது முப்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியட் என்றால் எங்களுக்குக் கோகோவும் த்ரோபாலும்தான், கால்பந்து பையன்களுக்கு. ஒரு தடவையாவது பந்தை ஓங்கி உதைத்து வலைக்குள் போட வேண்டும் என்ற ஆசை அப்போதிருந்தே உண்டு. போன பிப்ரவரியில் ஒத்தக்கடை போகிற வழியில் ஒரு டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) வாசலில் ‘பெண்களுக்கான கால்பந்து, தொடக்க நிலை’ என்று பலகை வைத்திருந்தார்கள். அன்றைக்கே பேர் கொடுத்துவிட்டேன். ஆறு வாரம், சனி ஞாயிறு காலை 6 மணி முதல் 7.30 வரை, மொத்தம் பன்னிரண்டு வகுப்பு, கட்டணம் 3,000 ரூபாய். முடித்து இரண்டு வாரம் ஆகிறது. சேரலாமா என்று கடையிலேயே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பாஸ் போடுவது, வருகிற பந்தைக் காலால் அடக்குவது, கோன்களுக்கு நடுவே பந்தை ஓட்டிப் போவது எல்லாம் சொல்லித்தருகிறார்கள். அவை பரவாயில்லை. ஷூட்டிங் சொல்லித்தந்த விதம்தான் என்னை எழுத உட்கார வைத்தது.

முதல் நாள் எல்லாரையும் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு உதை உதைக்கச் சொன்னார் கோச். நான் தூரத்திலிருந்து ஓடிவந்து கட்டைவிரல் நுனியால் ஓங்கிக் குத்தினேன். பந்து பக்கத்து வலையில் போய் விழுந்தது. சாயங்காலத்துக்குள் நகம் கறுத்துவிட்டது. கோச் என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர், அதனால் அக்கா என்றுதான் கூப்பிடுவார். “அக்கா, உதைக்கும்போது உங்க இடது கால் எங்க இருந்துச்சு?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. வலது காலைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவே இல்லை.

உடனே தன் செருப்பில் ஒன்றைக் கழற்றி, பந்துக்கு இடது பக்கம் ஒரு சாண் தள்ளி, நுனி கோல் கம்பங்களைப் பார்க்கும்படி வைத்தார். “ஓடி வந்து இடது காலை இந்தச் செருப்புக்குப் பக்கத்துல ஊனுங்க. உதைக்க வேண்டாம். ஊனி நில்லுங்க, போதும்.” அன்றைக்கு இருபது தடவையாவது அதைச் செய்திருப்பேன். முதல் நாலு வகுப்பு முழுக்க வேகமாக உதைக்க யாரையும் விடவில்லை. காசு கட்டியது இதற்கா என்று பக்கத்தில் நின்ற பெண் முணுமுணுத்தார். எனக்கோ மூன்றாவது நாளே புரிய ஆரம்பித்தது. ஊன்றுகிற கால் பந்துக்குப் பின்தங்கினால் உடம்பு பின்னால் சாய்கிறது, பந்து வலைக்கு மேலே பறக்கிறது. பந்தைத் தாண்டி முன்னால் போய்விட்டால் உதை நசுங்கிப்போகிறது. கால் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறதோ, இடுப்பும் அந்தப் பக்கமே திரும்புகிறது, பந்தும் பெரும்பாலும் அதே பக்கம்தான் போகிறது.

அடுத்தது கணுக்கால். ஒவ்வொருவராக உட்காரவைத்து, பாதத்தைக் கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடினால், “இது இன்னும் பூட்டல” என்பார். விரல்களை ஷூவுக்குள் கீழ்ப்பக்கம் அழுத்தி, பாதத்தை நீட்டி இறுக்க வேண்டும். அப்படி இறுகினால்தான் லேஸ் கட்டுகிற மேல்பாதம் ஒரு பலகை மாதிரி பந்தில் படுகிறது. தொளதொள என்று இருந்தால் பாதி பலம் கணுக்காலிலேயே போய்விடும், வலியும் வரும்.

மூன்றாவது வாரம் அவர் செய்த ஒன்றை மறக்கவே மாட்டேன். ஒரு டப்பாவில் கோலமாவு கொண்டுவந்து, தண்ணீரில் குழைத்து, எங்கள் ஷூ லேஸ் மேல் பூசிவிட்டார். பந்தைத் துடைத்துத் துடைத்து வைத்தார். உதைத்ததும் பந்தை எடுத்துவரச் சொல்லி, அதில் பதிந்திருந்த வெள்ளைத் தடத்தைக் காட்டினார். என் தடம் பந்தின் அடிப்பகுதியில் இருந்தது. “இதனாலதான் மேல போகுது. நடுவுல பதியட்டும், தரையோட போகும்.” கண்ணைக் கோலிலிருந்து எடுத்துப் பந்தின் நடுவில் வைத்தேன். மார்பைப் பந்துக்கு மேலே கொண்டுவந்தேன். நாலாவது உதையில் வெள்ளை நடுவில் பதிந்தது. அந்தச் சத்தமே வேறு. ‘தட்’ என்று ஒரே சத்தம், காலில் பாரமே தெரியவில்லை. பந்து முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாமல் வலையின் வலது மூலையில் போய் மோதியது. சத்தமாகக் கத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபின் பழைய ஆட்டங்களை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். 2019-இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்சி எங்கள் மதுரை அணி. அதில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், இந்திய அணிக்கும் ஆடியவர். அவர் உதைக்கும்போது நான் பந்தைப் பார்க்காமல், அவர் ஊன்றிய காலை மட்டும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அம்மா, “ஒரே இடத்தையே எத்தன தடவ பாப்ப?” என்று கேட்டார். அம்மாவுக்கும் செருப்பு வைத்துக் காட்டிக்கொடுத்தேன்.

குறைகளும் இருக்கின்றன. பதினான்கு பேருக்கு ஒரே கோல். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், ஒன்றரை மணி நேரத்தில் என் முறை பதினோரு தடவைதான் வந்தது. எட்டுப் பந்தில் இரண்டு எப்போதும் காற்று இறங்கியே இருக்கும், கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். 5-ஆம் அளவுப் பந்தில் 0.6 முதல் 1.1 அட்மாஸ்பியர் வரை காற்றழுத்தம் இருக்க வேண்டும் என்பது விதி. தொய்ந்த பந்தில் பழகினால் நல்ல உதைக்கும் மோசமான உதைக்கும் வித்தியாசமே தெரியாது. கேட்டபோது, “அடுத்த வாரம் பாக்குறோம்மா” என்றார் மேனேஜர். ஆறு வாரமும் அதே பதில். கழிப்பறைச் சாவி வைத்திருப்பவர் ஏழு மணிக்குத்தான் வருவார். பெண்கள் வகுப்பு என்று பலகை வைத்தவர்கள் இதை முதலில் சரிசெய்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் ஏழு மணிக்கே டர்ஃபில் சூடு ஏறிவிடுகிறது, புல்லுக்கு நடுவே தூவியிருக்கும் கறுப்பு ரப்பர் துகள் ஷூவுக்குள் புகுந்து சுடும். இன்னொரு சாக்ஸ் கொண்டுபோங்கள்.

ஷூ விஷயத்தில் என் 1,400 ரூபாய் வீணானது. கடைக்காரர் கால்பந்து ஷூ என்று அடியில் நீளமான ஸ்டட் (முள்) வைத்ததைக் கொடுத்துவிட்டார். அது இயற்கைப் புல்லுக்கானது. செயற்கைப் புல்லில் ஊன்றி நிற்கும்போது ஸ்டட் பிடித்துக்கொள்ள, முழங்கால் மட்டும் திரும்பும். கோச் பார்த்ததும் கழற்றச் சொல்லிவிட்டார். அடியில் சின்னச் சின்ன ரப்பர் முள் நிறைய இருக்கிற டர்ஃப் ஷூ கேட்டு வாங்குங்கள்.

கடைசி ஞாயிறு பக்கத்துப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிப்போனார்கள். டர்ஃபில் இருந்த சின்னக் கோலையே பார்த்துப் பழகியவளுக்கு முழு அளவுக் கோலின் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம் என்பது எதிரே வந்து நின்றபோதுதான் உறைத்தது. பெனால்டி இடம் கோலிலிருந்து 11 மீட்டர். ஆளுக்கு ஐந்து உதை, கோல்கீப்பராகக் கோச்சே நின்றார். நான் மூன்று போட்டேன். ஒன்றை அவர் தடுத்தார், இன்னொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கம்பத்தில் பட்டதுகூட நன்றாக உதைத்ததுதான், ஊன்றிய கால் சரியான இடத்தில் இருந்தது என்று எனக்கே தெரிந்தது.

இடது காலால் உதைக்க மட்டும் ஒரே ஒரு வகுப்பில் அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். அது பத்தவே பத்தாது. அடுத்த பேட்ச் சித்திரைத் திருவிழா முடிந்தபிறகு ஆரம்பிக்கிறது. பணம் கட்டிவிட்டேன். இந்தத் தடவை செருப்பு பந்துக்கு வலது பக்கம்.