சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வான கிளாட்டுக்குப் பிள்ளையைக் கோச்சிங்ல சேர்க்கப் போறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி புத்தகத்தைப் புரட்டிப் பாருங்க

மதுரை காளவாசல் பக்கம் மாடியில நடக்கிற ஒரு சென்டர்ல என் மகளுக்கு முப்பத்தெட்டாயிரம் கட்டினேன், ஒரே தவணையில. பேரைப் போட்டா வம்பு, விடுங்க.

லாஜிக்கல் ரீசனிங்னு கொடுத்த புத்தகத்துல முக்கால்வாசி ரத்த உறவுக் கணக்கு, வட்ட மேசையில யார் பக்கத்துல யாருங்கிற கதை. அட்டையில 'கிளாட்'. உள்ளே ஒவ்வொரு பக்கத்து அடியிலயும் 'பேங்க் பிஓ'ன்னு, அதாவது வங்கி அதிகாரி தேர்வோட பேரு, ஜெராக்ஸ்ல மங்கலாத் தெரியுது. அதை மறைக்கக்கூட மெனக்கெடல. கிளாட் 2020லயே மாறிப்போச்சு. இப்போ 120 கேள்வி, 120 நிமிஷம், தப்புக்குக் கால் மார்க் போகும். ரீசனிங்ல ஒரு பெரிய பத்தியைக் கொடுத்து, எழுதினவர் வெளியே சொல்லாம எதை நம்பி வாதாடுறார், எது அந்த வாதத்தை உடைக்கும்னு கேக்குறாங்க.

அந்த மாதிரி சென்டர்ல வச்ச ஒரே டெஸ்ட்டும் லட்சணம்தான். 'ரோட்டுல கேமரா வச்சதும் விபத்து குறைஞ்சது, அதனால கேமராதான் காரணம். இதை எது பலவீனமாக்கும்?' மக 'அதே மாசம் அங்கே லாரிக்குத் தடை வந்தது'ன்னு போட்டிருக்கா. சென்டர் கொடுத்த விடைக் கீயில 'கேமராவுக்குச் செலவு அதிகம்'தான் சரின்னு இருக்கு. பத்தாவதோட நின்ன எனக்கே இடிக்குது, செலவு கூடுனா விபத்து குறைஞ்ச காரணம் மாறிருமா? மக சார்கிட்ட கேட்டதுக்கு, "கீயில அப்படித்தாம்மா இருக்கு."

இன்னொரு பொய், மதுரை அரசு சட்டக் கல்லூரிக்கும் கிளாட் வேணும்னு சொல்லித்தான் சேத்தாங்க. அங்கே அஞ்சு வருஷப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்தான். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட்.

ரெண்டாவது மாசமே நிறுத்திட்டுப் பணம் கேட்டேன். "திருப்பித் தர்ற வழக்கமில்லண்ணே, ரசீது பின்னாடி பாருங்க." பாதியில நின்னா மீதி நாளுக்கான பீஸை 10 நாளுக்குள்ள தரணும்னு 2024 ஜனவரியில மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலைப் போன்ல காட்டினேன். "வழிகாட்டுதல்தானேண்ணே, சட்டமா?" முப்பத்தெட்டாயிரத்துக்கு அவங்க சொல்லிக்கொடுத்த உருப்படியான ரீசனிங் இது ஒண்ணுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சிருக்கேன், இன்னும் பணம் வரல. மக இப்போ கிளாட் நடத்துற கூட்டமைப்போட தளத்துல இருக்கிற பழைய கேள்வித்தாள்களை இறக்கி, தெருமுனை ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுத்துப் போட்டுப் பாக்குறா. அதுல கீ சரியா இருக்காம்.