கதிர்வீச்சு பேட்ஜ் தராத இடத்தில் எக்ஸ்ரே படிக்கச் சேராதீர்கள்

ரேடியோகிராஃபி படிக்க இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டு வருடத்தைத் தொலைத்துவிட்டு எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை, புகார் விசாரணையில் இருக்கிறது. பெயரைவிட அவர்கள் ஏமாற்றிய விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அதே விதத்தில் வேறு பெயரிலும் நடக்கும்.

சேர்க்கைக்குப் போன அன்று முதலில் செய்முறை அறையைத்தான் காட்டினார்கள். படுக்கை மேசை, மேலே எக்ஸ்ரே குழாய், சுவரோரம் நெஞ்சுப் படம் எடுக்கும் ஸ்டாண்டு, மூலையில் மடித்து வைத்த ஒரு லெட் ஏப்ரன், அதாவது கதிரைத் தடுக்கும் ஈய மேலங்கி. பார்த்ததுமே அப்பாவுக்குத் திருப்தி. எனக்கும்தான். "மெஷின் இங்கயே இருக்கு சார். ஆஸ்பத்திரி ட்ரெய்னிங்கும் உண்டு. முடிச்ச கையோட வேலை" என்றார் அட்மிஷன் பார்த்தவர். ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து, அந்த அறையில் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோதுதான் கவனித்தேன். குழாயிலிருந்து இறங்கும் தடித்த கேபிள்கள் இரண்டும் ஸ்டாண்டுக்குப் பின்னால் சுருட்டிக் கட்டிக் கிடந்தன. முனையில் தூசி. அந்தக் கேபிள் போய்ச் சேர வேண்டிய, குழாய்க்கு உயர் அழுத்த மின்சாரம் கொடுக்கும் ஜெனரேட்டர் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. ஏப்ரனையும் அன்றைக்குத்தான் விரித்துப் பார்த்தேன், மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக இருந்தது. லெட் ஏப்ரனை மடிக்கவே கூடாது, உள்ளே இருக்கும் ஈயத் தகடு விரிசல் விட்டுவிடும், தொங்கத்தான் விட வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

வகுப்பு என்பது நோட்ஸ் எழுதுவது மட்டும்தான். ஆசிரியர் படிப்பார், நாங்கள் எழுதுவோம். ஃபிலிம் கழுவும் டார்க் ரூமில் டெவலப்பர், ஃபிக்ஸர் கரைசல்களை எப்படிக் கலப்பது என்று வாரக்கணக்கில் எழுதினோம். நான் பின்னால் போய்ப் பார்த்த மருத்துவமனைகளில் டார்க் ரூமே கிடையாது, டிடெக்டரில் எடுத்த படம் சில விநாடியில் திரைக்கு வந்துவிடுகிறது. ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று எக்ஸ் கதிரைக் கண்டதையும், எடிசனிடம் வேலை பார்த்த கிளாரன்ஸ் டாலி தன் கையையே வைத்துக் குழாய்களைச் சோதித்துச் சோதித்து, கைகளை இழந்து 1904-இல் இறந்ததையும் எழுத வைத்தார்கள். டாலியின் கதையை எழுதிய அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அடுத்த வருடம் எங்களை வெறும் உடம்போடு எக்ஸ்ரே அறைக்குள் அனுப்பினார்கள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இரண்டாம் வருடம் 'பெரிய ஆஸ்பத்திரியில் போஸ்டிங்' என்று சொல்லியிருந்தார்கள். போனது ஒரு சின்ன ஸ்கேன் சென்டருக்கு. காலையில் ரெஜிஸ்டர் எழுதுவது, நோயாளியின் நகைகளைக் கழற்றி வைக்கச் சொல்வது, ரிப்போர்ட்டை உறையில் போடுவது, அவ்வளவுதான் வேலை. எக்ஸ்போஷர் பட்டனை நான் தொட்டதே இல்லை. உள்ளே கூப்பிடுவது ஒரே ஒரு காரியத்துக்கு: குழந்தைகளைப் பிடித்துக்கொள்ள.

முதல் நாள் வந்தது இரண்டு வயதுக் குழந்தை, சளிக்கு நெஞ்சுப் படம். அம்மாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு சீனியர் என்னைக் கூப்பிட்டார். "புள்ளையோட ரெண்டு கையையும் தூக்கிப் புடிச்சுக்கம்மா. ஒரு செகண்டுகூட ஆகாது." அங்கே இருந்த ஒரே ஏப்ரன் சி.டி. அறைக்குப் போயிருந்தது. குழந்தை வீறிட்டு அழுதது, கை வியர்த்து வழுக்கியது. நான் இறுக்கிப் பிடித்தேன். அவர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். குழந்தை அசைந்துவிட்டதால் படம் சரியாக வரவில்லை, இன்னொரு தடவை எடுத்தார்.

அவர் சட்டையில் டி.எல்.டி. பேட்ஜ் இருந்தது. வாங்கிய கதிர்வீச்சைப் பதிவு செய்துகொள்ளும் சின்ன அட்டை அது. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பினால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று கணக்கு வரும். எங்களுக்கு எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். "படிக்கிற பிள்ளைங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்றார். நிறுவனத்தில் கேட்டால் சென்டர் தரும் என்றார்கள். சென்டரில் கேட்டால் நிறுவனம் தரும் என்றார்கள். ஏழு மாதம் இப்படியே ஓடியது. அன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் தேதி, குழந்தையின் வயது, என்ன படம், எத்தனை தடவை என்று குறித்து வைத்தேன். ஏதோ ஒரு பயத்தில் செய்தது. இன்று என் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

குழந்தையை யாராவது பிடித்தே ஆக வேண்டும் என்றால் பெற்றோரில் ஒருவர் ஏப்ரன் போட்டுக்கொண்டு, நேர்க்கதிருக்குள் கை வராமல் பிடிக்கலாம். கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. அந்த வேலையை ஒரே ஆளிடம் தினமும் கொடுக்கக் கூடாது, மாணவரிடம் கொடுக்கவே கூடாது. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் வாங்கும் கதிர்வீச்சுக்குச் சர்வதேசப் பரிந்துரை சொல்லும் உச்சவரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருடத்திலும் 50-க்கு மேல் போகக் கூடாது. பயிற்சியில் இருக்கும் 16 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அது வெறும் 6. சரி, நான் எவ்வளவு வாங்கினேன்? எந்தக் காகிதத்திலும் இல்லை.

கடைசி மாதம் லாக் புக் நிரப்பினோம். ஒவ்வொருவரும் இத்தனை நெஞ்சு, இத்தனை முதுகெலும்பு, இத்தனை கை கால் படம் எடுத்ததாக எழுத வேண்டும். ஒரே மதியத்தில், நீலம், கறுப்பு என்று பேனாவை மாற்றி மாற்றி எழுதச் சொன்னார்கள், வேறு வேறு நாளில் எழுதியது போல் தெரியட்டும் என்று. நானும் எழுதினேன். அது தப்பு. அன்றே எழுந்து வெளியே வந்திருக்க வேண்டும்.

முடித்ததும் ஒரு மருத்துவமனையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். தலைமை டெக்னாலஜிஸ்ட் ஓர் ஊழியரை ஸ்டாண்டு முன்னால் நிறுத்தி, "செஸ்ட் பி.ஏ. எடுக்கப் பொசிஷன் பண்ணும்மா" என்றார். முதுகுப் பக்கமிருந்து கதிரை விட்டு எடுக்கும் நெஞ்சுப் படம் அது. ஆளை நேராக நிற்க வைத்தேன், கைகள் பக்கவாட்டில் தொங்கின. தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழுமே, என்ன செய்வாய் என்று கேட்டார். தெரியவில்லை. குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்றார். ஒரு மீட்டர் என்றேன். அவர் கோபப்படவில்லை. ஊழியரின் புறங்கைகளை இடுப்பில் வைக்கச் சொல்லி, முழங்கைகளை முன்னால் தள்ளி, தோள்களை உருட்டிக் காட்டினார். எலும்பு விலகுவதை என் கையாலேயே தொட்டுப் பார்க்க வைத்தார். தூரம் 180 சென்டிமீட்டர் வேண்டும், கிட்டே வைத்தால் இதயம் இருப்பதைவிடப் பெரிதாக விழும், இல்லாத நோயை டாக்டர் தேட வேண்டியிருக்கும் என்றார். இரண்டு வருடத்தில் நான் உண்மையாகக் கற்றுக்கொண்டது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

டெக்னாலஜிஸ்டாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தபோது மிச்சமும் உடைந்தது. எங்கள் நிறுவனத்தின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாத உதவியாளர் படிப்புக்கு. சேர்க்கையன்று எங்களுக்குக் காட்டிய அங்கீகாரக் கடிதம் போலியில்லை. ஜெராக்ஸில் படிப்பின் பெயர் வரும் வரி மேல் ரப்பர் முத்திரை விழுந்திருந்தது, நாங்களும் அதைப் படிக்கவில்லை. அதனால் நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த வருடம் வரை, எத்தனை இடத்துக்கு என்று பதிவு செய்யும் அலுவலகத்திலேயே கேளுங்கள். அவர்கள் நீட்டும் காகிதத்தை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, இதைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். போஸ்டிங் எந்த மருத்துவமனையில் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, சேருவதற்கு முன் அங்கே நேரில் போங்கள். பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளின் சட்டையைப் பாருங்கள். பேட்ஜ் இருந்தால் போன காலாண்டுக் கணக்கு என்ன வந்தது என்று கேளுங்கள், தெரிந்திருக்கும். பேட்ஜ் இல்லையென்றால் வேறெதுவும் கேட்க வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களையும் யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். என்னுடையவற்றை மீட்கவே இரண்டு மாதம் அலைந்தேன்.

இப்போது வேறு இடத்தில் முதல் வருடத்திலிருந்து மறுபடி படிக்கிறேன். முதல் வாரமே பேட்ஜ் கொடுத்தார்கள், பின்னால் என் பெயரும் ஓர் எண்ணும். அங்கே இருக்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் அந்தச் சின்ன நோட்டைக் காட்டினேன். குழந்தைகளின் படத்துக்குப் போகும் அளவு குறைவு, சிதறி உன் மேல் பட்ட கதிர் பெரிதாக இருக்க வாய்ப்பில்லை, பயப்படாதே என்றார். அதோடு விடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே கணக்குப் போட ஆரம்பித்தார். "இந்த 14-ஆம் தேதி எந்தப் பக்கம் நின்னம்மா? குழாய்க்குக் கிட்டயா, கால் பக்கமா?" என்று கேட்டார்.